மரத்தைக் கேட்கிற பிக்கப்

என் வீட்டுக்காரருக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற பயம். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். கிடார் ரிப்பேர் அவர் தொழில். வீட்டு முன்னறைதான் கடை. கிடாருக்குக் காது கொடுப்பதில் கால்வாசி எனக்குக் கொடுத்திருந்தால் நான் சண்டையே போட்டிருக்க மாட்டேன்.

எங்கள் இரண்டு பெண்களில் பெரியவள் காய்ச்சலில் எங்களை விட்டுப் போன பிறகு அவளுடைய கிடாரைச் சின்னவள்தான் வாசிக்கிறாள். கல்லூரியில் முதல் மேடை கிடைத்ததும், "அப்பா, இதுக்கு ஒரு நல்ல பிக்கப்பா பாத்துப் போட்டுக் குடுங்க, ஆம்ப்ளிஃபயர்ல கேக்கணும்" என்றாள்.

பிக்கப் என்பது கிடாரின் சத்தத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற கருவி. மரத்தின் உள்பக்கம் ஒட்டுகிற வகையை முதலில் பொருத்தினார். மரத்தில் எது பட்டாலும் அது பெரிதாக்கிக் காட்டும். கிடாரை மேசையில் படுக்கவைத்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

டொக், டொக், டொக்.

கிடாரை யாரும் தொடவில்லை. பாட்டைத் தொடங்குமுன் மரத்தில் மூன்று தட்டுத் தட்டுவது பெரியவளின் பழக்கம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

"எர்த் சரியில்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"மூணு மூணா தட்டுற எர்த்தை எந்த ஊர்ல பாத்தீங்க? அது நம்ம பெரியவதான்! எடுக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்."

"சின்னவ பயந்துடுவா. மேடையில கை ஓடாது."

என் அழுகையும் ஆத்திரமும் அவரிடம் எடுபடவில்லை. ஒட்டியதைப் பிய்த்துவிட்டு, கிடாரின் நடுத் துளையில் காந்த பிக்கப்பை மாட்டினார். அதற்குக் கம்பி மட்டும்தான் கேட்கும், மரம் கேட்காது. ஆம்ப்ளிஃபயர் அடங்கிவிட்டது. பெற்ற பிள்ளையை இரண்டாம் தடவையும் அனுப்பிவிட்டாரே, பாவி மனுஷன்! அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தண்டனையா வரமா, யார் கண்டது?

மேடையில் சின்னவள் ஒரு பிசகு இல்லாமல் வாசித்தாள். நல்ல கைதட்டல். ஆனால் இறங்கி வந்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா இந்தப் பிக்கப்ப போட்டீங்க? அக்கா தட்டுறது யாருக்குமே கேக்கல."

அவர் ஆடிப்போனார். "உனக்கெப்படிம்மா தெரியும்?"

"நெஞ்சோட அணைச்சு வாசிக்கிறேன், எனக்குத் தெரியாதா? முதல் நாள்லேருந்து அவ தட்டித்தான் நான் தொடங்குறேன். எப்பவும் மூணு தட்டு, அதோட விட்டுடுவா." கிடாரை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. "இன்னிக்கு நிறுத்தவே இல்லப்பா. இப்பவும் தட்டிட்டே இருக்கா."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கிடாரை வாங்கி மடியில் வைத்து, சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அந்தக் காந்த பிக்கப்பின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.