மிளகு அக்காவின் அவசரம் யாருக்குத் தெரிய வேண்டும்?

மிளகு விலையைக் குறுஞ்செய்தியில் அனுப்பும் எங்கள் புதிய மென்பொருளில், இன்று செம்மேட்டுச் சந்தையில் விவசாயிகளைப் பதிவு செய்தோம்.

“ஊட்ல எத்தன மூட்ட இருக்குதுங்கக்கா?” என்று உடன் வேலை செய்யும் நண்பன், மிளகு விற்கும் அக்கா ஒருவரிடம் கேட்டான்.

“ஆறு இருக்குது கண்ணு. தையில மவளுக்குக் கல்யாணம். அதுக்குள்ள வித்தாகணும்.”

‘எதற்குள் விற்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு நேரே அவன் அதையும் சேர்த்துப் பதிந்தான்.

“இதெல்லாம் யாருடா பாப்பாங்க?” என்றேன்.

“வியாபாரிங்கதான். சாப்ட்வேருக்குக் காசு குடுக்கறதே அவங்கதானே?”

அக்கா சிரித்தார். “அவங்களையும் கல்யாணத்துக்கு வரச் சொல்லு கண்ணு!”

அவசரம் தெரிந்த பிறகு எவன் நியாயமான விலை கொடுப்பான்?

“அழிடா.”

“அனுப்பியாச்சுடா.”

நாளை முதலாளியிடம் ‘எதற்குள் விற்க வேண்டும்?’ என்ற கேள்வியையே மென்பொருளிலிருந்து நீக்கச் சொல்லப் போகிறேன். உங்கள் ஆபீசில் ஆள் எடுத்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.