எப்ப போறியள் என்று கேட்டவள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தமையன் விட்டுவிட்டுப் போனது. எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும், சொல்லில் பிழை இல்லை.

என் மனுசன் செத்த பிறகு இந்தப் பிரெஞ்சு நாட்டில், மார்க்ஸ் டோர்மோயில் ஓர் அறை வீட்டில் தனிய இருக்கிறேன். காலமை தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாய்ப் பக்கத்து ஸ்டாலின்கிராட் சந்திக்கு நடந்துபோய்த் தண்ணிக்கரை மரவாங்கில் குந்தியிருப்பேன். ஒருத்தருக்கும் சமைக்கத் தேவையில்லை, ஒருத்தரின் மூக்கும் துடைக்கத் தேவையில்லை. அங்கே இருக்கும்போதுதான் எனக்கென்று ஒரு யோசனை வரும். அதுவரைக்கும் என் தலைக்குள் ஓடியதெல்லாம் மற்றவர்களின் யோசனை.

அப்போதுதான் மச்சாள் வந்தா, அவருடைய தமக்கை. ஸ்தேனில் மகளோடு இருந்தவ, மருமகனோடு சண்டை கொளுவிக்கொண்டு ஒரு பையோடு வாசலில் நின்றா.

"ரெண்டு நாளைக்குத்தான் எடி."

மாரிக் குளிர் முழுக்க இருந்தா. கட்டிலை அவவுக்குக் கொடுத்துவிட்டு நான் நிலத்தில் படுத்தேன். நடக்கப் போனாலும் கூடவே வந்து, வாங்கில் இருந்து மருமகனைத் திட்டித் தின்னுவா. கடைக்குப் போனால் சனம், "நீங்கள் தெய்வமம்மா," என்றது. தெய்வத்துக்கு நாரி முள்ளு நோகாது என்று நினைத்தார்களாக்கும்.

ஒருநாள் மூத்தவன் வந்தான்.

"அம்மா, இந்த அறையை விட்டிட்டு ரெண்டுபேரும் என்னட்டை வாங்கோ. மாமிக்கும் துணை. எங்கடை கைக்குழந்தையையும் பாத்துக்கொள்ளலாம்."

மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "என்னை விட்டிடாதை எடி." பார்க்கேலாமல் ஓம் என்றுவிட்டேன். வீட்டுக்காரனோடு கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் சந்தோசமாய்ப் போனான்.

அடுத்த நாள் மச்சாளுக்கு மூக்கு வடிகிற தடிமன். தனிய நடந்தேன். வாங்கில் இருந்த பிறகுதான் நான் எதற்கு ஓம் சொன்னேன் என்று விளங்கியது. இனிச் சாகும்வரைக்கும் ஒரு காலமைகூட எனக்கில்லை. எனக்கு இரக்கம் வந்தால் புத்தி வெளியே போய்விடும். வாழ்க்கை முழுக்க அப்படித்தான். அதைத்தான் இந்தச் சனம் நல்ல குணம் என்றது.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்துக் கொடுத்தேன். குடித்து முடிய விட்டுக் கேட்டேன்:

"மச்சாள், நீங்கள் எப்ப போறியள்?"

எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தவரிடம் இதைக் கேட்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டென்றாலும் "இன்னும் இருந்திட்டுப் போங்கோவன்" என்றுதான் சொல்லுவோம். மச்சாள் கோப்பையைக் கீழே வைத்தா.

"என்ரை தம்பி இருந்திருந்தால் இப்பிடிக் கேட்டிருப்பியோ?"

"அவர் இருந்திருந்தால் ரசத்தை அவரை வைக்கச் சொல்லியிருப்பன்."

அன்று பின்னேரமே அவவின் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். மூத்தவனுக்கும் வரமாட்டேன் என்று சொன்னேன். "உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றான். அதற்குப் பிறகு அவன் இந்தப் படி ஏறவில்லை. கோயிலில் கண்டால் சனம் முகத்தைத் திருப்புகிறது. தெய்வம் என்ற வாய்களும் அங்கேதான் நிற்கின்றன.

அறை என்னுடையதுதான். காலமையும் என்னுடையதுதான். இப்போது நல்ல தெளிவாய் யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க ஒன்றுதான் வருகிறது: அந்த மாரி முழுக்க நான் நிலத்தில் படுத்தேன், ஏனம்மா என்று நான் வளர்த்தவர்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மூத்தவனின் மகள், அந்தப் பெட்டை மட்டும் பள்ளிக்கூடம் விட்டதும் தகப்பனுக்குச் சொல்லாமல் வருவாள். பிரெஞ்சில்தான் கதைப்பாள், ஆனால் தமிழ் எழுத்தை விரல் வைத்து வாசிப்பாள். இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

இந்தா பிள்ளை, அப்பம்மா எழுதினதைச் சத்தமாய் வாசி பாப்பம். உன்ரை அப்பா வாற இடத்தையும் விடாமல் வாசி.