தட்டைச் சிப்பியும் புடைத்த சிப்பியும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது அத்தானுக்கு, அருங்காட்சியகத்தின் பின்கட்டில் வேலை. கல்லாகிப்போன சிப்பிகளை இனம் இனமாகப் பிரித்து இழுப்பறைகளில் அடுக்குவார். இதுவரை யாரும் பார்க்காத இனம் என்றால் பெயரும் வைப்பார். நாள் முழுக்கப் பல் பிரஷ்ஷால் சிப்பி தேய்ப்பதற்குக்கூடச் சம்பளம் கொடுக்கிறார்களே என்று நான் வியக்காத நாளில்லை.

கல்யாணத்துக்கு முன்பு தட்டையான சிப்பி ஒன்று கிடைத்தது. அதற்குத் தன் அம்மா பெயரை வைத்தார். கல்யாணமான வருஷம் கிடைத்தது நன்றாகப் புடைத்திருந்தது. அதற்கு அக்கா பெயர். "இருக்கிறதுலயே குண்டானதுக்குத்தான் என் பேரா?" என்று அக்கா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாளே தவிர, உள்ளூரப் பெருமைதான். தபால்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை, சொல்லித் தீர்த்தாள். மாமியாரும் அதே வீட்டில்தான். சமையலறையில் அவர் வைத்ததுதான் சட்டம். அக்காவுக்கென்று தனியாக இருந்தது அந்தச் சிப்பி ஒன்றுதான்.

இருபது வருஷம் கழித்து, போன மாதம் அத்தான் ஒரு கல்லை உடைத்தார். உள்ளே தட்டையும் புடைப்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடந்தன. இரண்டு இனமே இல்லை. ஒரே சிப்பியின் இரண்டு ஓடுகள். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்ததுதான் நிற்கும் என்பது அவர்கள் விதி. மாமியார் நிற்பார், மருமகள் போவாள்.

ஒரு வாரம் அத்தான் பேயறைந்தவர் போலத் திரிந்தார். நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, கல்லைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உண்மையைச் சொல்லிவிட்டார்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்றாள் அக்கா.

"இல்ல. ஆனா தப்புன்னு தெரிஞ்சும் அப்படியே விட என்னால முடியாது."

"அப்ப என் பேரு?"

"அழிஞ்சுடாது. பட்டியல்ல அம்மா பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல, எப்பவும் இருக்கும்."

"இந்த வீட்டுல இப்பவே அப்படித்தான இருக்கேன்!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அத்தானை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாமியார் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கல்லுல நான் இருந்துக்கறேன்," என்றார் அக்காவிடம். "சமையல்கட்டை இனிமே நீ பாத்துக்கோ. நான் வாயே திறக்க மாட்டேன்."

அன்று மதியம் எல்லாவற்றிலும் உப்பு தூக்கல். மாமியார் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தார். வாக்கு மட்டும் தவறவில்லை.