சின்ன டர்போ, பெரிய கதவு

ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுகிறார். வெறும் பாதங்களைக் காரின் தரையில் அழுத்திப் பதிக்கிறார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார். “ம், எடுங்க. டெய்லி எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க. நான் ஒருத்தன் இருக்கேங்கறதையே மறந்துடுங்க.”

மறக்கிற உருவமா அது? ஐம்பத்தெட்டு வயது, கதவை அடைக்கிற தோள், காதில் செருகிய பேனா, கையில் ஒரு சாக்பீஸ். இன்ஜின் நாலாயிரம் சுற்றைத் தாண்டும்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே தன் கறுப்பு பேண்டில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு கோடு போடுவார். மீட்டரைப் பார்ப்பதே இல்லை. பாதம் சொல்லிவிடுமாம். சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை, மனைவி கணக்கு டீச்சர்.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு டர்போ போடுகிறவர் அவர். வண்டிக்காரர் ஓட்டுவதை இப்படிக் கூட வந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார். இன்ஜின் துப்புகிற சூடான புகையாலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான் டர்போ. திணிப்பு அளவுமீறினால் இன்ஜின் தாங்காது. அதனால் மிஞ்சிய புகையைத் திருப்பிவிட ஒரு கதவு உண்டு. அதுதான் வேஸ்ட்கேட். அந்தக் கதவை மூடிப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் கதவு தாமதமாகத் திறக்கும், வண்டிக்கு வலு கூடும். தளர்வாக இருந்தால் சீக்கிரமே திறந்துகொண்டு வலுவெல்லாம் புகையோடு போய்விடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதுவும் ஆறு வருடமாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு தெரிந்துகொண்டது.

வருகிறவர்கள் எல்லோரும் பெரிய டர்போவும் சின்ன வேஸ்ட்கேட்டும்தான் கேட்பார்கள். அவர் தலைகீழாகத்தான் கொடுப்பார். “பெருசு சுத்த ஆரம்பிக்கறதுக்குள்ள அடுத்த சிக்னல் வந்துடும் சார். உங்க ஊட்டாண்ட ரேஸ் மைதானமா இருக்கு? சின்னதுன்னா மிதிச்ச உடனே முழிச்சுக்கும். ஆனா அது ஒரு அவசரக்குடுக்கை. நிறுத்தணும்னா கதவு பெருசா இருக்கணும்.”

எனக்கு அந்தச் சின்னதுகூடக் கிடைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் என் காரில் அலுவலகம் வரை வந்தார். இறங்கும்போது முழங்காலைக் காட்டினார். இரண்டே கோடு. “இருபது கிலோமீட்டர்ல ரெண்டு தடவை. அதுல ஒண்ணு சிக்னல்ல நின்னுக்கிட்டு நியூட்ரல்ல மிதிச்சது. உங்களுக்கு எதுக்கு சார் டர்போ? நல்ல ஸ்பீக்கரா பாத்துப் போட்டுக்குங்க.” முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன், மறுவாரம் டீ குடிக்கிற சாக்கில் போய் நின்றேன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

பட்டறையில் ரேடியோ கிடையாது, இன்ஜின் பேசுவது கேட்காதாம். சட்டைப் பையில் எதுவும் வைக்கமாட்டார். குனியும்போது ஒரு திருகாணி உள்ளே விழுந்தால் போதும், இன்ஜின் காலி. பேனா காதில் இருப்பதும் அதனால்தான். சன்னல் மேடையில் நடுவில் ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டன் இருக்கிறது. முப்பது வயதில், ஒருவர் பிடிவாதம் பிடித்தாரென்று விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நெடுஞ்சாலை நடுவில் இன்ஜின் உருகி, வண்டி நின்று, பின்னால் வந்தவன் இடித்து, அந்த மனிதருக்குத் தோள் எலும்பு போயிற்று. பிஸ்டனைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “கேட்டதைக் குடுத்தேன்.”

இந்த வருடம் அவருக்கு வாய்த்த வாடிக்கையாளர் அவர் மனைவி. ஊரே டீச்சர் என்று கூப்பிடுவதால் இவரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஐம்பத்து நாலு வயதில் டீச்சர் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இரண்டே இருக்கை. பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு மேடு ஏறி நெடுஞ்சாலையில் கலக்கவேண்டும், அங்கே வண்டி முக்குகிறது, டர்போ வேண்டும் என்றார்.

மனைவி என்று சலுகை காட்டவில்லை. ஒரு வாரம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து போனார். அந்த வாரம் பேண்டைத் துவைக்கவும் விடவில்லை. ஐந்து நாள், ஐந்து கோடு.

“மத்த இடமெல்லாம் பூ மாதிரி ஓட்டறா. அந்த மேட்டுல மட்டும் வெறி புடிச்சாப்ல மிதிக்கறா சார்.”

“மிதிக்கலைன்னா லாரிக்காரர் வந்து பின்சீட்ல உக்காந்துடுவாரு,” என்றார் டீச்சர். “இதுல பின்சீட்டும் கிடையாது.”

டர்போ தேர்ந்தெடுக்க ஒன்றரை மாதம். சாப்பாட்டு மேசையில் மூன்று டர்போக்களைப் பரப்பிவைத்துக்கொண்டு இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்களாம். கடைசியில் இருப்பதிலேயே சின்ன டர்போ, அவர் இதுவரை போட்டதிலேயே பெரிய வேஸ்ட்கேட். ஸ்பிரிங் பன்னிரண்டு பவுண்டு, அதாவது காற்றழுத்தம் பன்னிரண்டைத் தொட்ட பிறகுதான் கதவு திறக்கும். இன்ஜின் அதைத் தாங்கும் என்று டீச்சரே நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். இவரும் சரிபார்த்துத் தலையாட்டினார். வண்டி தயாராயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பை புடைத்திருந்தது. வயசாகிறதே, மாத்திரை டப்பாவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சிவப்புக் கார் வாசலில் வந்து நின்றது. டீச்சர் இறங்கவில்லை.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. பன்னெண்டுன்னுதானே முடிவு பண்ணினோம்?”

“ஆமா.”

“மேட்டுல முழுசா மிதிச்சாலும் பிரஷர் முள்ளு ஏழைத் தாண்ட மாட்டேங்குது. மூணு நாளா பாக்கறேன்.”

“புது சாமான் இல்ல? கொஞ்சம் செட் ஆகணும்.”

வேறு மெக்கானிக் யாராவது இதைச் சொன்னால் கிழிகிழி என்று கிழிப்பவர் அவர். என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. “இன்னிக்குக் காலையில ஒரு லாரி வந்துது. கண்ணாடி முழுக்க அதோட மூஞ்சிதான். நான் மிதிச்சேன். வண்டி வரலை. அந்த டிரைவர் நல்ல மனுஷன், பிரேக் போட்டாரு.”

இவர் கை காரின் கூரையைப் பிடித்துக்கொண்டது. அவர் பார்வை சன்னல் மேடையின் ஓட்டைப் பிஸ்டனுக்குப் போய் வந்தது.

“பயந்து ஸ்பிரிங்கை மாத்திட்டீங்களா?”

“ம்.”

“எனக்கும்தான் பயம். அதனாலதானே கேட்டேன்.”

டர்போக்காரர் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினார். உள்ளேயிருந்து அந்தப் பன்னிரண்டு பவுண்டு ஸ்பிரிங்கை எடுத்து, அன்றைய சாக்பீஸ் கோடுகள் அழிய முழங்காலில் அழுத்தித் துடைத்து, டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார்.