மூன்றாவது கடிதம்

எங்கள் மொழியியல் துறை அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பீரோ அக்கா. இருபத்தொன்பது வருடம் அந்த இரும்பு பீரோக்களின் சாவி அவள் இடுப்பில்தான் கிடந்தது. துணைவேந்தரே வந்து கேட்டாலும் கையெழுத்து வாங்காமல் ஒரு தாளைத் தரமாட்டாள். அதே அறையில் தட்டச்சு செய்தவள் நான். எனக்கு வாய் நீளம், அக்காவுக்கு வேலை சுத்தம் என்பார்கள். அப்பேர்ப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

ஒன்பது வருடம் ஆளே எடுக்காமல் இருந்து, துறையில் இரண்டு பணியிடத்துக்கு விளம்பரம் வந்தது. ஒன்று ஒலியியலுக்கு, ஒன்று இலக்கணத்துக்கு. விண்ணப்பம் போட்டவருக்காக மூன்று பேராசிரியர்கள் சிபாரிசுக் கடிதம் எழுதி, ஒட்டிய உறையில் நேராக எங்களுக்கு அனுப்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் நேர்காணல் கிடையாது. பதினோரு வருடமாக எங்களிடம் பாடம் எடுத்துவந்த பகுதிநேர சார் ஒலியியலுக்குப் போட்டிருந்தார். வயது வரம்பின் விளிம்பில் நின்றார், பாவம். அந்த வருடம் விட்டால் அப்புறம் கிடையவே கிடையாது.

அவருக்கு மூன்றாவது கடிதம் எழுத வேண்டியவர் அவருடைய ஆசிரியர், எங்கள் பழைய துறைத்தலைவர். மருத்துவமனையில் கிடந்தார். "கவலைப்படாத, எழுதிடறேன்" என்று சொல்லியிருந்தாராம்.

பட்டியல் தயாரானபோது, பகுதிநேர சார் பெயருக்கு நேரே 'இரண்டு கடிதங்களே வந்துள்ளன' என்று என் கையால்தான் அடித்தேன். பெரியவரிடம் கேட்கலாமென்றால் அதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார். துறையே சாவுக்குக் கிளம்பியது. பகுதிநேர சார் மட்டும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வரி எழுத மனசு வரல பாருங்க. பதினெட்டு வருஷம் அவர் பின்னாடி பை தூக்கிட்டுப் போனேன்" என்றார் என்னிடம்.

எட்டு மாதம் கழித்து இலக்கணப் பணியிடத்தை ரத்து செய்தார்கள். அதற்கு வந்த விண்ணப்பக் கட்டை யாரும் பிரித்தே பார்த்திருக்கவில்லை. பரணில் போட எடுத்து அவிழ்த்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒட்டிய உறை ஒன்று. பின்பக்கம் பெரியவர் பெயர். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முந்திய தேதியில் எங்கள் வரவு முத்திரை.

"ஐயோ, நான் வாங்கினதுடி இது. நான்தான் கட்டு மாத்தி வச்சிருக்கேன்."

"வாயை மூடுக்கா. ஒலியியல் வேலைக்கு ஆள் வந்து சேர்ந்தாச்சு. இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? விசாரணை வச்சு உன் பென்ஷனுக்கு உலை வச்சிடுவாங்க."

நான்தான் சொன்னேன். பெரிய புத்திசாலி!

பெரியவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அலுவலகத்துக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். வாசலில் நின்றபடியே "தபால் வந்துதாம்மா?" என்பார். உறை கிடைத்த மறுநாளிலிருந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா வாசலைப் பார்த்து எழுந்து நிற்பாள். "வந்துடுச்சு சார்" என்பாள். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை அவள் என் பக்கம் திரும்பி, "உனக்குக் கேக்கலையா?" என்றாள். அதற்கப்புறம் நான் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததே இல்லை.

பகுதிநேர சார் ஒவ்வொரு பருவமும் வருகைப் பதிவேடு வாங்க வருவார். "இந்தத் துறையில என்னை நம்ப வச்சு ஏமாத்தாத ஆள் நீங்க ஒருத்தர்தாம்மா" என்பார். அக்கா முகத்தில் ஈயாடாது.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும்போது, அந்த உறையைச் சாரிடம் கொடுத்துவிடப்போகிறேன் என்றாள். பென்ஷன் உறுதியானதும் கொடு என்று கெஞ்சினேன், திட்டினேன். மசியவில்லை.

"தினம் வந்து நிக்கறாருடி. வயசானவர், கால் வலிக்காதா?"

அன்று சார் பதிவேட்டுக்கு வந்ததும் உறையை நீட்டினாள். "இது நேரத்துக்கே வந்துச்சு சார். நான்தான் மாத்தி வச்சுட்டேன். ரொம்ப நாளா எனக்குத் தெரியும். மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க, ஒத்துக்கறேன்."

சார் முத்திரையைப் பார்த்தார். பிரித்தார். அரைப் பக்கம்தான் இருந்தது. எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. கத்தப்போகிறார், போன வேலையைக் கேட்கப்போகிறார் என்று நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"நான் அவர் முகத்தைக் கடைசியா பார்க்கக்கூடப் போகலம்மா" என்றார். அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவர் மேலே எழுதிப் போடவில்லை. அக்கா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பெரியவர் இப்போது வருவதில்லையாம். ஆனாலும் மாதம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறாள்.

"பகுதிநேர சார் என்னை ஒரு வார்த்தை திட்டலடி. அதான் என்னைத் தின்னுது. நீ தினமும் பார்க்கற இல்ல, ஒரு தடவை வந்து திட்டிட்டுப் போகச் சொல்லேன்."

சொல்கிறேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். சார் தினமும் என் மேசையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார், வணக்கமும் வைக்கிறார். வாயைத் திறந்தால், அவளை அத்தனை நாள் மூடச் சொன்னது யார் என்று கேட்டுவிடுவாரோ என்று குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.