தாம்சின் விக்கரியின் பானை

இங்கிலாந்தில் எங்கள் டன்ஸ்லோ ஊரில் ஓட்டு பானைக்குள் இருந்தது. தன் வீட்டு அடுப்பில் தன் பானையைக் கொதிக்க வைத்துச் சாப்பிடும் ஆணுக்கு ஓட்டு உண்டு. அடுத்தவர் அடுப்பில் சாப்பிடுகிறவனுக்குக் கிடையாது. அதனால் தேர்தல் வந்துவிட்டால் பானைகளெல்லாம் தெருவுக்கு வந்துவிடும். ஆண்கள் வாசலுக்கு எதிரே கல் கூட்டி, ஊர் பார்க்கக் கொதிக்க வைப்பார்கள். மரியாதைக்காக அப்படிச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஈலை நன்றாகச் செருப்புத் தைப்பார், அதைவிட நன்றாகச் சைடர் என்ற ஆப்பிள் கள் குடிப்பார், அடுப்பு மூட்ட மட்டும் தெரியாது. விறகு அடுக்குவதும் ஊதுவதும் கண் எரிவதும் என் பாடு. அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு தாம்சினும் தன் புருஷன் ஜேபஸுக்காக அப்படித்தான் மூட்டிக்கொண்டிருந்தாள். தாய் வீட்டிலிருந்து வந்த பெரிய செப்புப் பானை அவளுடையது. ஆவியைப் பார்த்தபடி உட்கார்ந்தால் பானை பொங்கி வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. நான்தான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன்.

ஜேபஸ் கூரை வேய்கிறவன். ஒரு பனிக்காலத்தில் களஞ்சியக் கூரையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். தாம்சின் கையுறை தைத்து வாடகை கொடுத்து, அதே வீட்டில் அதே அடுப்பை அணையவிடாமல் இருந்தாள்.

அடுத்த வசந்தத்தில், யாருக்கு ஓட்டு என்பதை மாற்றும் சீர்திருத்த மசோதாவுக்காகத் தேர்தல் வந்தது. கொல்லன் பட்டறை வாசலில் பத்திரிகையை உரக்க வாசிப்பார்கள். ஆளே இல்லாத மண்மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு உறுப்பினராம், லட்சம் பேர் நெய்து பிழைக்கும் நகரத்துக்கு ஒருவர்கூட இல்லையாம். எல்லோரும் கொதித்தார்கள். தாம்சின் மட்டும் ஆப்பிள் பூக்கள் உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நேத்து கனவுல மசோதா வந்துச்சு" என்றாள் என்னிடம்.

"மசோதா எப்படிடி வரும்? அது காகிதம்."

"நெட்டையா ஒரு மனுஷன். லண்டன்லேருந்து வயல் வழியா நடந்தே வர்றாரு. அந்தி நேரம். எந்த வீட்டுல புகை வருதுன்னு தலையைத் தூக்கிப் பாக்குறாரு. என் வீட்டுப் புகையையும் பாத்தாரு அக்கா. தொப்பியைத் தூக்கினாரு."

"வெறும் வயித்தோட படுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது" என்றேன். ஆனால் அன்று சாயங்காலம் நானும் என் புகைபோக்கியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன்.

பானைகள் தெருவுக்கு வந்த அன்று ஜேபஸ் வீட்டு வாசலிலும் புகை எழுந்தது. தேர்தல் குமாஸ்தா கிராக்கர் ஒவ்வொரு பானையாகப் பார்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"இது யாரு பானைம்மா?"

"என்னோடதுங்க."

"ஆம்பளை?"

"கல்லறையில இருக்காருங்க. அவரு இருந்தப்பவும் நான்தான் மூட்டினேன். அப்ப இந்தப் பானைக்கு ஓட்டு இருந்துச்சு. அதே பானை, அதே அடுப்பு."

தெருவே சிரித்தது. கரண்டியும் கையுமாக ஈலை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிராக்கர் கெட்டவரில்லை, வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர். "சட்டமே மாறப்போகுதும்மா. புதுசு வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தட்டிக்கழிக்கச் சொன்ன பேச்சு. அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அதன்பிறகு தினமும் அந்தி சாயும் நேரத்தில், சமைக்க ஒன்றும் இல்லாத நாளிலும், வெறும் தண்ணீரையாவது கொதிக்க வைத்தாள். புகை தெரிய வேண்டுமே.

அடுத்த வருடம் மசோதா சட்டமாயிற்று. மணிகள் விடாமல் அடித்தன. சந்தை மைதானத்தில் ஊர் விருந்து. மாவும் உலர்பழமும் பிசைந்து துணியில் கட்டிய பெரிய புட்டிங்கை வேக வைக்கும் அளவு பெரிதாக ஊரில் இருந்த ஒரே பானை தாம்சினுடையதுதான். சந்தோஷமாகக் கொடுத்தாள். விடியலிலிருந்து தானே தீயும் பார்த்தாள். ஆவிக்கு நடுவில் அவள் முகம் ஒரு சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது. யாராவது நெட்டையாக நடந்து வந்தால் நிமிர்ந்து பார்த்தாள்.

கிராக்கர் மேஜைமேல் ஏறிச் சட்டத்தை வாசித்தார். நல்ல வாடகை பெறும் வீட்டில் இருக்கும் ஆணுக்கு ஓட்டு. பழைய பானை ஓட்டுக்காரர்கள் உயிரோடிருக்கும்வரை வைத்துக்கொள்ளலாம்.

"ஐயா, அந்த முதல் வரியை இன்னொரு தடவை" என்றாள் தாம்சின்.

வாசித்தார்.

"ஆணுன்னு எழுதியே இருக்குங்களா? முன்னாடி சும்மா வழக்கம்தானே?"

"இப்ப எழுதியே வச்சுட்டாங்கம்மா" என்றார் கிராக்கர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. துணியோடு புட்டிங்கை எடுத்து, பாதி வெந்தபடி, மேஜைமேல் கிராக்கரின் காலடியில் வைத்தாள். வெந்நீரைப் புல்லில் கொட்டினாள்.

"ஏய், இன்னும் வேகலையே!" என்று ஈலை பதறினார்.

"பானையைக் கொதிக்க வைக்கிறவங்களுக்குத்தானே ஓட்டு?" என்றாள் தாம்சின். "கொதிக்க வைங்க."

பானையின் ஒரு காதை அவள் பிடித்தாள். மறு காதை நான் பிடித்துக்கொண்டேன்.