சில்லும் தோல்வாரும்

கொட்டாஞ்சேனைப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு பொய்யைச் சொல்லித்தான். "கரண்டிலை ஓடுற கடைசல் மெஷின் பழக்கமோ?" என்று முதலாளி கேட்டார். "ஓம்" என்றேன். ஏமாற்றும் எண்ணம் இல்லை. "இல்லை" என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். புது ஆட்களுடன் கதைப்பது எனக்கு அவ்வளவு கஷ்டம். முகத்துவாரப் பட்டறையில் ஏழு வருடம் நான் மரம் கடைந்ததெல்லாம் காலால் மிதித்து ஓட்டும் மெஷினில்.

உலக யுத்தம் முடிந்த சமயம். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் முதலாளி வாங்கிய சின்னக் கரண்ட் மெஷின்தான் இங்கே இருந்தது. மேலே மரத்தைச் சுழற்றும் தண்டு, கீழே மோட்டார். இரண்டிலும் படிபோல மூன்று வெட்டுள்ள சில்லு; இரண்டையும் இணைக்க ஒரு தோல்வார். வண்டியில் வந்து இறங்கியபோது வார் எந்த வெட்டில் கிடந்ததோ, அதிலேயே விட்டிருந்தார்கள்; தொடப் பயந்து நானும் அப்படியே விட்டேன். நாற்காலிச் சட்டங்களுக்கு அந்த வேகம் சரியாக இருந்தது. என் வலது கால் மட்டும் பழக்கத்தில் நிலத்தை மிதித்துக்கொண்டே இருக்கும்.

"அண்ணை, ஆரை உதைக்கிறியள்?" என்பார் பொலிஷ் பூசுகிறவர். சிரித்துச் சமாளிப்பேன்.

ஆறாம் நாள், வெள்ளவத்தைக் கிளாக்கர் ஒருவரின் ஒற்றைக்கால் வட்ட மேசைக்குக் கால் கடைய வேண்டியிருந்தது. என் தொடையளவு தடிப்பான பலாக் கட்டை. அவருடைய வீட்டு வளவில் விழுந்த மரத்தில் எடுத்தது. வேறு துண்டு இல்லை.

"பிழைச்சால் அவருக்கு முகம் குடுக்கேலாது, தம்பி," என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார்.

கட்டையைப் பூட்டி சுவிட்சைப் போட்டேன். பட்டறையே அதிர்ந்தது. மெஷின், அதைப் பூட்டியிருந்த மேசையோடு நகரத் தொடங்கியது. நான் உடனே காலை மெதுவாக்கினேன். முகத்துவாரத்தில் கனத்த கட்டை என்றால் கால் தானாக மெதுவாகும், கட்டையும் அடங்கும். இங்கே கால்தான் அடங்கியது. கட்டை கழன்று பாய்ந்து சுவரில் மோதியது.

"அம்மோ! உதை ஆருக்கெண்டு இப்பதான் விளங்குது," என்றார் பொலிஷ்காரர்.

ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. கடையும்போது எப்படியும் போகிற இடம். ஆனால் இன்னொரு முறை பாய்ந்தால் வெடித்துவிடும். கட்டை போகும், பொய் வெளியே வரும், வேலையும் போகும்.

பொலிஷ்காரர் சாப்பிடப் போனதும் பிளக்கைக் கழற்றினேன். வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, இரண்டு சில்லிலும் வெண்கட்டியால் ஒவ்வொரு கோடு போட்டு, மோட்டார்ச் சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். மேல் கோடு இரண்டு தரம் வந்துபோனது. வார் கீழே பெரிய வெட்டிலும் மேலே சின்ன வெட்டிலும் கிடந்தது. மோட்டாரைப் பிடித்திருந்த நட்டைத் தளர்த்தி, வாரைக் கீழே சின்ன வெட்டுக்கும் மேலே பெரிய வெட்டுக்கும் மாற்றினேன். மறுபடி ஒரு சுற்று. மேல் கோடு அரைச் சுற்றில் நின்றது. அவ்வளவுதான். இதைத் தொடத்தான் ஆறு நாளாகப் பயந்திருக்கிறேன்.

வாரை இறுக்கி, கட்டையை நடுப்பார்த்துப் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். மெஷின் நின்ற இடத்திலேயே நின்றது. உளியை வைத்ததும் மஞ்சள் சுருள்கள் தடிப்பாக விழுந்தன.

முதலாளி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன, மெதுவா ஓடுது?"

"வாரை மாத்தினனான், முதலாளி."

"அதை மாத்தலாமோ?" என்று குனிந்து பார்த்தார். "விக்கேக்கை அந்த வெள்ளைக்காரன் இதைத்தான் காட்டிக் காட்டி ஏதோ சொன்னவன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. யேஸ் யேஸ் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டன். நீர் கேட்டால் என்ன சொல்லுறதெண்டுதான் இந்தப் பக்கம் வராமல் திரிஞ்சனான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே, முதல் நாள் நான் சொன்ன "ஓம்" பொய் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே வகுப்புத்தான்," என்று முதலாளி உள்ளே போனார்.

மேசைக்கால் ஓர் உருவத்துக்கு வந்தபோது மணி நாலு. அதற்குப் பிறகுதான் சோற்றுப் பொதியை அவிழ்த்தேன். பருப்பில் உப்பே இல்லை. அந்த வாரம் முழுக்கப் பயத்தில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. அன்றைக்குத்தான் ருசி தெரிந்தது.